தட்டில் மிஞ்சிய கறுப்பு

தட்டில் நான்கு நிறம் இருந்தது: ஆரஞ்சு, வெள்ளை, பச்சை, கறுப்பு.

வேனின் முன் சீட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, அதன் அடியில் எஞ்சினைச் சுற்றி எலி கடித்துப் போட்டிருந்த துகள்களை ஒயரக்கா பெயின்ட் பிரஷ்ஷால் கூட்டி எடுத்திருந்தாள். அந்த மாதிரி வேனுக்கு எஞ்சின் மூக்கில் இருக்காது. டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருகிறவரின் சீட்டுக்கு அடியில் இருக்கும். மழைக்காலத்தில் எலிக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது. கதகதப்பு, இருட்டு, மேலே மெத்தை.

"அக்கா, இன்னும் எவ்வளவு நேரம்?" என்றான் அவள் தம்பி. வேன் அவனுடையது.

"எலியைக் கேளு."

"எலி கடிச்சிட்டுப் போயிடுச்சு. இப்ப என் கையில மாட்டினது நீதான்."

மணி பத்தே கால். பின் சீட்டில் தையல்காரர் உட்கார்ந்திருந்தார். இரண்டு பாதமும் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. காலைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத மனுஷன், இன்று ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினார். வாரம் மூன்று முறை அவருக்கு டயாலிசிஸ். போன முறை சாலையில் முழங்கால் அளவு வெள்ளம் நின்றது, வேன் பாதி வழியில் திரும்பிவிட்டது. நான்கு நாளாக உடம்பில் சேர்ந்த நீர் அப்படியே இருக்கிறது. இன்று பதினொன்றரைக்குள் போய் உட்காராவிட்டால், அவருடைய நாற்காலியை வரிசையில் காத்திருக்கும் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த இடம் நாளை காலையில்தான். "அதுவரைக்கும் அவருக்குத் தாங்குமான்னு நான் சொல்ல மாட்டேன்" என்று நர்ஸ் தம்பியிடம் போனில் சொல்லியிருந்தார்.

அப்படிப்பட்ட நாளில்தான் வேன், ஆட்களை ஏற்றிய பிறகு இரண்டு முறை நின்றது. மூன்றாம் முறை நிற்பதற்குள் தம்பி அதை அக்காவின் ஷெட்டுக்குள் திருப்பிவிட்டான்.

முன் சீட்டுக்காரர் டீச்சர். பள்ளியில் முப்பது வருஷம் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். அவருக்கும் டயாலிசிஸ்தான், ஆனால் மதியம் ஒரு மணிச் சுற்று. தன் சீட் தூக்கி வைக்கப்பட்டதால் குடையை ஊன்றிக்கொண்டு ஷெட்டின் தகரக் கூரைக்கடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

"அந்தத் தட்டு எதுக்கு?" என்றார்.

"கணக்குக்கு, டீச்சர்."

ஒயரக்காவின் வேலைமுறையே அந்தத் தட்டுதான். எலி கடித்த வண்டி வந்தால் அவள் முதலில் ஒயரைத் தொட மாட்டாள். கீழே விழுந்த தூளைக் கூட்டித் தட்டில் போட்டு நிறம் பிரிப்பாள். ஒவ்வொரு நிறமும் எந்த ஒயரிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்து, அந்த ஒயரைச் சரிசெய்ததும் அந்த நிறத்தைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்குவாள். எல்லா நிறமும் ஓரத்துக்குப் போன பிறகுதான் வண்டி வெளியே போகும். எலி ஒரு இடத்தில் மட்டும் கடித்துவிட்டுப் போகிற பிராணி அல்ல. அதன் முன்பல் வளர்ந்துகொண்டே இருக்கும், எதிலாவது வைத்துத் தேய்த்தாக வேண்டும். வண்டியை நிறுத்திய கடி ஒன்று இருந்தால், இன்னும் நிறுத்தாத கடி இரண்டு இருக்கும்.

இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒன்பது வருஷம் மோட்டார் காயில் சுற்றும் பட்டறையில் இருந்தவள். அங்கே வேலை சுற்றுகளை எண்ணுவது. இருநூற்று நாற்பது என்றால் இருநூற்று நாற்பது. ஒன்று குறைந்தாலும் பிரித்துவிட்டு முதலிலிருந்து. பட்டறையை மூடியதும் பழைய இரும்புக்கடையில் நொறுங்கிய கார்களின் ஒயர்க் கட்டுகளைக் கிலோ கணக்கில் தூக்கி வந்து, வீட்டுத் தரையில் பரப்பி, எது எங்கே போகிறது என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைந்தாள். கேன்டீனில் சமைக்கிற புருஷன் வேலை முடிந்து வந்து, ஒயர்களுக்கு நடுவே கால் வைக்க இடம் தேடி, "இது வீடா, நூடுல்ஸ் கடையா?" என்பான். இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. அதற்கப்புறம்தான் ஷெட்டு, பெயர், எல்லாம். வண்டி மட்டுமல்ல. அடிப்பக்கம் மூடியில்லாத வாஷிங் மெஷின், பின்பக்கம் கரண்டப்பட்ட ஃபிரிட்ஜ், கேபிள் தின்னப்பட்ட மோட்டார், எல்லாம் அவளிடம் வந்தன. மழை பிடித்ததும் ஷெட்டு நிறைந்துவிடும். "எலியும் நீயும் கூட்டா?" என்று கேட்காத ஆளில்லை.

ஆரஞ்சும் வெள்ளையும் பச்சையும் உடனே கிடைத்தன. எஞ்சின் சுழற்சியை அளக்கிற சென்சாருக்குப் போகும் மூன்று ஒயர்கள், மூன்றிலும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டிரண்டு பல்தடம். பச்சை முக்கால்வாசி அறுந்து ஒரு இழையில் தொங்கியது. அதனால்தான் வண்டி நினைத்தால் ஓடியது, நினைத்தால் நின்றது.

அவள் டேப் சுற்றி முடித்துவிடுகிற ஆள் இல்லை. மூன்றையும் வெட்டி, கறுத்த செம்பை விலக்கி, பளபளக்கும் செம்பு வரும் வரை பின்னோக்கிப் போய், புது ஒயர் சேர்த்து, ஈயம் வைத்து, மேலே குழல் போட்டுச் சூடு காட்டி இறுக்கினாள். தம்பி மூச்சுக்கு மூச்சு போனில் மணி பார்த்தான்.

"பத்து முப்பத்தஞ்சு."

"ம்."

"பத்து முப்பத்தாறு."

"நீ என்ன கடிகாரக் கடையா வெச்சிருக்க? தள்ளி நில்லு, வெளிச்சத்த மறைக்கற."

பின் சீட்டிலிருந்து தையல்காரர், "அக்காவ... விரட்டாதப்பா" என்றார். அதைச் சொல்லவே அவருக்கு இரண்டு மூச்சு ஆயிற்று. ஒயரக்கா திரும்பிப் பார்த்தாள். உதட்டோரம் நீலம் தட்டியிருந்தது.

மிச்சம் கறுப்பு. ஒயர்க் கட்டின்மேல் சுற்றியிருந்த கறுப்பு டேப் ஒரு சாண் நீளத்துக்குப் பிய்ந்து தொங்கியது. கறுப்பு இங்கேயிருந்துதான். அவள் புது டேப் சுற்றினாள், கறுப்பையும் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள். நான்கு நிறம், நான்கு இடம். தம்பி சாவியைத் திருகினான். வண்டி முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டு, அசையாமல் ஓடியது.

"பயப்படாம போங்கண்ணே, நான் பார்த்துட்டேன்" என்றாள் தையல்காரரிடம்.

சீட்டைக் கீழே இறக்கினார்கள். டீச்சர் அதன்மேல் ஏறி உட்கார்ந்தார். மணி பத்து நாற்பது. சாதாரண நாளில் ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரம்.

வேன் போன பிறகு ஒயரக்கா கையைத் துடைத்துக்கொண்டு, காலையிலிருந்து காத்திருந்த வாஷிங் மெஷினைச் சாய்த்துப் போட்டாள். அடியில் சாம்பலும் நீலமுமாகத் தூள் கொட்டியது. அதற்குத் தட்டு வேண்டும். பழையதைக் கொட்டக் குப்பைக் கூடைக்குமேல் தட்டைக் கவிழ்த்தாள்.

ஆரஞ்சு விழுந்தது, வெள்ளை விழுந்தது, பச்சை விழுந்தது. கறுப்பில் கொஞ்சம் தட்டிலேயே ஒட்டிக்கொண்டது. டேப் என்றால் அப்படித்தான், பசை ஒட்டும். ஆனால் மீதிக் கறுப்பு உருண்டு ஓடியது.

அவள் கை நின்றது.

தட்டை நிமிர்த்தினாள். விளிம்பில் இன்னும் நாலைந்து மணி மிஞ்சியிருந்தன. டேப் தூள் செதிலாக, தட்டையாக இருக்கும். இவை உருண்டையாக, கடுகளவுக்கு இருந்தன. ஒன்றை நகத்தால் நசுக்கினாள். ரப்பர். நசுங்கி மறுபடி எழும்பியது. இன்னொன்றிலிருந்து வெள்ளையாக ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது, மயிரிழை அளவுக்கு. டேப்புக்குள் நூல் கிடையாது. ஒயருக்குள்ளும் கிடையாது. அந்த எஞ்சினில் ரப்பருக்குள் நூல் பின்னியிருப்பது ஒன்றே ஒன்றில்தான்: பெட்ரோல் ஹோஸில்.

பெட்ரோல் வேனில் அந்த ஹோஸ் சும்மா கிடப்பதில்லை. சாவி போட்டதுமே பம்ப் அதற்குள் அழுத்தத்தோடு பெட்ரோலைத் தள்ளும். ரப்பரைத் தின்றுவிட்டு எலி நூலோடு நிறுத்தியிருந்தால், குளிர்ந்த எஞ்சினில் அது தாங்கும். அதனால்தான் வாடை வரவில்லை. சூடேறி ரப்பர் இளகினால் தாங்காது. பீய்ச்சும். பீய்ச்சினால் அது விழுகிற இடம் புகைக்குழாய். அதற்கு மேலே டீச்சர்.

ஒரு நிறத்துக்கு ஒரு இடம்தான் என்று யார் சொன்னது? தட்டு சொல்லவில்லை. அவளாக நினைத்துக்கொண்டது அது. இத்தனை வருஷமும் அப்படி நினைத்தே ஓட்டியிருக்கிறாள்.

தம்பிக்குப் போன் செய்தாள். அடித்து ஓய்ந்தது. இரண்டாம் முறையும் ஓய்ந்தது. டீச்சருக்குப் போட்டாள்.

"டீச்சர், நான் ஒயரக்கா. தம்பிகிட்ட போனைக் குடுங்க."

"ஓட்டும்போது பேச மாட்டாராம். நீதான் சத்தியம் வாங்கினியாமே. ரெண்டு தடவ அடிச்சுது, தொடவே இல்ல. நல்ல பிள்ளை."

"டீச்சர், வண்டிக்குள்ள பெட்ரோல் வாடை வருதா?"

"எனக்கு மூக்கு செத்து மூணு வருஷம் ஆச்சு. மல்லிகையும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒண்ணுதான்."

"தையல்காரரைக் கேளுங்க."

போனில் மழைச் சத்தமும் வைப்பர் சத்தமும் கேட்டன. "குமட்டுதுங்கறார். ஆனா அவருக்குக் காலையிலேருந்தே குமட்டுது. வாடையான்னா தெரியலைங்கறார்."

"எங்க இருக்கீங்க?"

"மேம்பாலத்துக்குக் கீழ. முன்னாடி லாரி. அது நகர்ந்ததும் ஏறிடுவோம்."

பாலத்தின்மேல் ஓரம் கட்ட இடம் கிடையாது. ஏற்றத்தில் எஞ்சின் கொதிக்கும். "ஏற வேண்டாம், டீச்சர். ஓரமா நிறுத்தி, சாவிய எடுக்கச் சொல்லுங்க. மூணு பேரும் இறங்கி வண்டிய விட்டுத் தள்ளிப் போயிடுங்க. சீட்டைத் தூக்க வேண்டாம்."

"காரணத்தச் சொல்லு."

"உங்க சீட்டுக்கு அடியில பெட்ரோல் ஹோஸ எலி கடிச்சிருக்கு. கடிச்சிருக்கும்னு நினைக்கறேன்."

"கடிச்சிருக்கா? நினைக்கறியா?"

"நினைக்கறேன், டீச்சர்."

முப்பது வருஷம் வகுப்பை அடக்கிய குரல் போனைத் தாண்டி ஒலித்தது. "தம்பி! வண்டிய ஓரமா நிறுத்து. இப்பவே."

ஹாரன்கள். யாரோ திட்டினார்கள். கதவு திறக்கும் சத்தம். அப்புறம் தம்பி.

"என்னக்கா உனக்கு? மணி பதினொண்ணு ஆகப்போகுது! இந்த மழையில அண்ணனைப் பாலத்துக் கீழ தூணோட தூணா சாய்ச்சு வெச்சிருக்கேன். எந்த டாக்சியும் நிக்க மாட்டேங்குது."

"வண்டிக்குக் கீழ பாரு. சொட்டுதா?"

"மழை பெய்யுது. எல்லாமே சொட்டுது."

"தொட்டு மோந்து பாரு."

கொஞ்ச நேரம். "தண்ணி. ஏசி தண்ணி. ஒரு வாடையும் இல்ல. நான் கிளம்பறேன்."

"கிளம்பாத."

"நீதானே பார்த்துட்டேன்னு சொன்ன?"

"சொன்னேன். தட்டுல ரப்பர் இருந்திருக்கு. நான் டேப்புன்னு ஒதுக்கிட்டேன்."

"எவ்வளவு ரப்பர்?"

அவள் உள்ளங்கையைப் பார்த்தாள். "நாலஞ்சு மணி. கடுகளவு."

"கடுகளவு!" அவன் குரல் உடைந்தது. "அக்கா, அவருக்கு மூச்சு வரல. இந்த இடம் போச்சுன்னா நாளைக்கு வரைக்கும் அவர் இருப்பாரான்னு தெரியாது. நீ கடுகளவு தூளை வெச்சுக்கிட்டு அவரை நிறுத்தச் சொல்ற."

அவன் சொல்வது நியாயம்தான். அந்த ரப்பர் எப்போதோ விழுந்த பழைய தூளாக இருக்கலாம். வேறு வண்டியிலிருந்து பிரஷ்ஷில் ஒட்டி வந்ததாகக்கூட இருக்கலாம். அவள் தவறாக இருந்தால் ஒரு ஆள் நாற்காலியை இழப்பார், காரணம் அவள். சரியாக இருந்தும் வாயை மூடிக்கொண்டால் மூன்று பேர். அதிலும் ஒருவன் கூடப் பிறந்தவன்.

"சாவிய டீச்சர்கிட்ட குடு" என்றாள். "நான் ஸ்கூட்டர்ல வரேன். அண்ணனை நீ அதுல கூட்டிட்டுப் போ."

பக்கத்து ஷெட் மெக்கானிக்கிடம் அழுத்தம் தாங்கும் ஹோஸ் ஒரு துண்டும் கிளிப் நான்கும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். மழை முகத்தில் ஊசியாகக் குத்தியது. வழி நெடுக நின்ற வண்டிகளுக்கு நடுவே ஸ்கூட்டரை நுழைத்து நுழைத்து ஓட்டினாள். எங்கேயாவது கரும்புகை தெரிகிறதா என்று கண் வானத்துக்கே போயிற்று. மேகம்கூடப் புகை மாதிரிதான் தெரிந்தது.

பாலத்தடிக்கு வந்தபோது பதினொன்று பன்னிரண்டு. வேன் ஓரமாக நின்றது. இருபது அடி தள்ளி, தையல்காரர் தம்பியின் சட்டையை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து தூணில் சாய்ந்திருந்தார். பக்கவாட்டில் அடித்த சாரலுக்கு டீச்சர் அவர் தலைக்குக் குடை பிடித்திருந்தார். தம்பி பனியனோடு நனைந்துகொண்டு நின்றான். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"பின்னாடி உக்காந்தா விழுந்திடுவார்" என்றான் தரையைப் பார்த்து.

டீச்சர் தன் சால்வையை உருவினார். தையல்காரரைத் தூக்கி ஸ்கூட்டரின் பின்பக்கம் உட்கார வைத்து, முன்னால் தம்பி ஏறியதும், இருவர் இடுப்பையும் சேர்த்துச் சால்வையைச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"அந்த முடிச்சு... நழுவும்" என்றார் தையல்காரர். "ரெட்டையா... பக்கவாட்டுல..."

"பேசாதீங்க. மூச்சைச் சேர்த்து வைங்க." டீச்சர் அவர் சொன்ன மாதிரியே மாற்றிப் போட்டார்.

தம்பி ஸ்கூட்டரைக் கிளப்பினான். "அக்கா, அங்க ஒண்ணும் இல்லன்னு வெச்சுக்கோ..."

"ஒண்ணும் இல்லன்னா வந்து என்ன வேணா பேசு. இப்ப போ. பள்ளத்துல இறக்காத."

இரண்டு முதுகும் ஒரே முதுகாகப் பாலத்தில் ஏறி மறைந்தன.

இனி அவளும் டீச்சரும் வேனும்தான். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினாள். பிறகு சீட்டைத் தூக்கினாள். சூடான காற்று முகத்தில் அடித்தது. வாடை? மழை வாடை, ரப்பர் வாடை, எண்ணெய் வாடை. பெட்ரோலா என்றால் சொல்ல முடியவில்லை. பதற்றத்தில் மூக்கும் நம்பக்கூடியதாக இல்லை. புகைக்குழாய் ஆறும் வரை தொட முடியாது. கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். அந்தக் காத்திருப்புதான் அன்றைய நாளிலேயே நீளமானது.

"எவ்வளவு தூரம் போயிருப்பாங்க?" என்றாள்.

"இந்த மழையில மூணு கிலோமீட்டர். இன்னும் ரெண்டு பாக்கி" என்றார் டீச்சர். கேட்டது ஆறுதலுக்கு, கிடைத்தது விடை.

டார்ச் அடித்தாள். ஹோஸின் மேல்பக்கம் பளபளவென்று, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. கண்ணுக்குத் தெரிகிற பக்கம் முழுவதும் சுத்தம். காலையில் பார்த்திருந்தாலும் இதைத்தான் பார்த்திருப்பாள். ஹோஸ் வளைந்து எஞ்சினுக்குப் பின்னால் இறங்கும் இடத்தில் டார்ச் நுழையாது. விரலை நுழைத்தாள். வழவழப்பு, வழவழப்பு, பிறகு ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் சொரசொரவென்று நூல். விரலை எடுத்து மோந்தாள்.

இப்போது சந்தேகமில்லை.

துணியைச் சுற்றி, கிளிப்பைத் தளர்த்தி, உள்ளே நின்ற பெட்ரோலைத் துணியில் வடித்து, ஹோஸைக் கழற்றி எடுத்தாள். கடி விரல் நீளத்துக்கு இருந்தது. ரப்பர் போய், நூல் இரண்டு அடுக்கில் ஒன்று போய், மிச்சமிருந்த ஒரு அடுக்கு ஈரமாகக் கசிந்திருந்தது. மெதுவாக வளைத்தாள். கடித்த இடம் வாய் மாதிரி திறந்துகொண்டது.

டீச்சர் அதைப் பார்த்தார். தூக்கி நின்ற தன் சீட்டைப் பார்த்தார். குடையை மடக்கி, மறுபடி விரித்தார்.

"பாலம் ஏறியிருந்தா?"

"தெரியாது, டீச்சர். தாண்டியும் போயிருக்கலாம்."

"சரி" என்றார் டீச்சர். வேனை ஒட்டி நின்றவர் நான்கு அடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

போன் அடித்தபோது ஒயரக்காவின் கை பெட்ரோலாக இருந்தது. டீச்சர் எடுத்துக் காதில் வைத்தார்.

"பதினொண்ணு இருபத்தொம்போது. உக்கார வெச்சாச்சு" என்று தம்பி கத்தியது வெளியே கேட்டது. "நர்ஸ் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாங்க. ஊசி ஏத்தியாச்சு. அங்க என்ன? இருந்துதா?"

டீச்சர் ஒயரக்காவைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

"இருந்தது" என்றார் டீச்சர்.



புது ஹோஸைப் போட்டு, இரண்டு பக்கமும் கிளிப்பை இறுக்கி, பேட்டரியை மாட்டி, வண்டியைக் கிளப்பாமல் சாவியை மட்டும் மூன்று முறை போட்டு எடுத்து, ஒவ்வொரு முறையும் காகிதத்தைத் தேய்த்து ஈரம் பார்த்தாள். பிறகு கிளப்பி, டீச்சரைத் தள்ளி நிற்கவிட்டுக் கால் மணி நேரம் ஓடவிட்டாள். மறுபடி காகிதம். காய்ந்தே இருந்தது. டீச்சர் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். அவளே ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள்.

டயாலிசிஸ் நடக்கும் அறைக்கு வெளியே நர்ஸ் அவளை மேலும் கீழும் பார்த்தார். "யார் நீங்க? ஒரே பெட்ரோல் நாத்தம். கையக் கழுவிட்டு வாங்க, ரெண்டு நிமிஷம்தான்."

தையல்காரர் சாய்நாற்காலியில் கிடந்தார். இடது கையிலிருந்து இரண்டு சிவப்புக் குழாய்கள் மெஷினுக்குப் போயின. உதட்டு நீலம் இன்னும் போகவில்லை, ஆனால் மூச்சு நீண்டிருந்தது. ஒரு வாக்கியம் முழுசாக வந்தது.

"உன் தம்பி ஓட்டினது ஸ்கூட்டர் இல்ல, குதிரை."

அவள் சிரிக்கவில்லை. "அண்ணே, காலையில பார்த்துட்டேன்னு சொன்னேன். பார்க்கல. கறுப்பு ரெண்டு இடத்துலேருந்து விழுந்திருக்கு. நான் ஒரு இடத்தக் கண்டதும் நிறுத்திட்டேன்."

"அவசரத்துல..."

"அவசரம் இல்லண்ணே. நேரம் இருந்திருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். என் கணக்கே அப்படித்தான் இருந்தது."

அவர் வலது கையை நீட்டினார். "குடு, பார்க்கறேன்."

துணியில் சுற்றியிருந்த ஹோஸைக் கொடுத்தாள். அவர் அதைத் துணியின் தரம் பார்க்கிற மாதிரி கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே போனார். அடிப்பக்கத்தில் விரல் நின்றது. வளைத்தார். வாய் திறந்தது.

"இது துணியா இருந்தா நான் பார்த்திருப்பேன்" என்றார். சமாதானமா குத்தலா என்று அவளுக்குப் புரியவில்லை.

"சாயந்தரமும் இதே வண்டிதானா?"

"இதேதான். நாலு மணி வரைக்கும் நேரம் இருக்கு. கீழ வண்டிய நிறுத்தி, முதல் கிளிப்லேருந்து திரும்பப் பார்க்கப்போறேன்."

"பார்த்துட்டு, ஒண்ணும் ஆகாதுன்னு வந்து சொல்லுவ."

"சொல்ல மாட்டேன். எங்கெங்க கை வெச்சேன், எங்க கை போகலன்னு சொல்றேன். அதுக்கப்புறம் ஏறறதும் ஏறாததும் உங்க இஷ்டம்."

மெஷின் ஒரு முறை கூவி அடங்கியது. நர்ஸ் வந்து ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, ஒயரக்காவைப் பார்த்து வாசலைக் காட்டினார்.

"டீச்சர் இனிமே முன்னாடி உக்கார மாட்டாங்க" என்றார் தையல்காரர்.

"நான் உக்காந்துக்கறேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நாலு மணிக்கு எழுப்பு" என்றார். ஹோஸைத் திருப்பித் தரவில்லை. அது அவர் கைப்பிடிக்குள்ளேயே இருந்தது.